மெதுவாக ஓடிய வண்டியில் பிடித்த கரி

அக்டோபர் 13, திங்கள்

இன்று காலை ரயில்வே மேம்பாலத்தின் பாதி ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டது. மூன்றாவது கியரில் போய்க்கொண்டிருந்தேன். கைப்பிடியை முழுதாக இழுத்தும் இன்ஜின் கேட்கவில்லை. இரண்டாவதுக்கு மாற்றுவதற்குள் அணைந்தது.

என் வண்டியில் காலுக்கு வேலை கிடையாது. ஆக்ஸிலேட்டரும் பிரேக்கும் ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஒரே கைப்பிடியில் அடக்கம். இழுத்தால் ஓடும், தள்ளினால் நிற்கும். கிளட்ச், கியர்க் கம்பியோடு சேர்த்துப் பொருத்திய இன்னொரு பிடியில் இருக்கிறது. ஏற்றத்தில் நின்ற வண்டியைச் சோர்ந்துபோன இன்ஜினோடு மறுபடி கிளப்ப மூன்று கை வேண்டும். எனக்கு இருப்பது இரண்டு.

பின்னால் டவுன் பஸ். ஹாரன் அடித்து ஓய்ந்த பிறகு கண்டக்டர் இறங்கி வந்தார்.

"யோவ், வண்டிய எடுய்யா! பாலத்துலதான் தூங்குவியா?"

கண்ணாடியை இறக்கினேன். பக்கத்து இருக்கையில் சாய்த்து வைத்திருந்த ஊன்றுகோல்களைப் பார்த்தார்.

"சார், நீங்க உள்ளயே இருங்க சார். நாங்க தள்ளி விடுறோம்."

யோவ் என்றே சொல்லியிருக்கலாம். பஸ்ஸில் வந்தவர்கள் இறங்கித் தள்ளினார்கள். இறக்கத்தில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. பின்னால் நின்றவர்கள் மேல் கரும்புகை போனதைக் கண்ணாடியில் பார்த்தேன்.

பாலத்துக்கு அப்பால் உள்ள நிறுத்தத்தில் வளர்மதி நின்றுகொண்டிருந்தார். எங்கள் நீதிமன்றத்தில் நகல் பிரிவு. நான் தட்டச்சர். ஜூன் மாதம் மாற்றலாகி வந்தார். புதுக்கோட்டையிலிருந்து கீரனூருக்கு ஒரே வழி என்பதால் என் வண்டியில் வருகிறார்.

"பஸ்ல போயிருக்கலாமே?" என்றேன்.

"ஒரே கூட்டம் சார்."

நான் பாலத்தில் நின்றபோது என்னைத் தாண்டிப்போன கீரனூர் பஸ்ஸில் பாதி இருக்கை காலியாக இருந்தது. நடந்ததை நடந்தபடி எழுதும் பழக்கத்தால் இதையும் எழுதுகிறேன். வேறு காரணமில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

மாலையில் ஆரோக்கியத்தின் பட்டறை. ஏதோ ஒரு கருவியை வண்டியில் செருகிப் பார்த்துவிட்டு, "ஈஜிஆர் சார்" என்றான்.

"ஈசிஆரா?"

"ஈசிஆர் மெட்ராஸ்ல கடலோரமா இருக்கு. ஈஜிஆர் உங்க வண்டிக்குள்ள இருக்கு. அங்க காத்து வாங்கலாம், இங்க கரிதான் வாங்கலாம்."

இன்ஜின் எரித்து வெளியே விடும் புகையில் ஒரு பங்கைத் திரும்ப உள்ளே அனுப்ப ஒரு வால்வு உண்டாம். வெளியே போகும் புகையின் நஞ்சைக் குறைப்பதற்காக. தேவைப்படும்போது திறந்து, மற்ற நேரம் மூடிக்கொள்ள வேண்டும். என் வண்டியில் கரி அடைத்து, திறந்தபடியே நின்றுவிட்டது. "விட்ட மூச்சையே திரும்பத் திரும்ப இழுத்துக்கிட்டு இருக்கு சார். எப்படி ஏறும்?"

பிறகு துடைப்புத் துணியால் கையைத் துடைத்தபடி கேட்டான்:

"எந்த ஸ்பீடுல ஓட்டுறீங்க?"

"நாற்பது."

"கீரனூர் ரோட்டுலயா? நாப்பதா? என்ன சார், சாமி ஊர்வலமா போறீங்க? டீசல் வண்டிய அடிச்சு ஓட்டணும். சூடு ஏறுனாத்தான் கரி எரியும். உருட்டிக்கிட்டே போனா உள்ள படிஞ்சிக்கிட்டே இருக்கும்." யோசித்தான். "முன்ன நீங்க அப்படி இல்லியே. போன வருசம் என்னையவே ஓவர்டேக் பண்ணிட்டுப் போனீங்க. எப்பலேர்ந்து இப்படி?"

"ஜூனிலிருந்து."

"ஜூன்ல என்னாச்சு?"

"ரோடு சரியில்லை."

"அந்த ரோட்டைப் புதுசா போட்டு ஒரு வருசம்கூட ஆகல சார்."

நான் பேச்சை வால்வுக்குத் திருப்பினேன்.

புது வால்வுக்குச் சொல்லிவிட்டால் வந்து சேர மாதக்கணக்காகுமாம். அதுவரை வண்டி பட்டறையில் நிற்க வேண்டும். இல்லையென்றால் தகடு வெட்டி வைத்து வழியையே அடைத்துவிடலாம், எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றான். அது சட்டப்படி தவறு என்றேன். "கோர்ட்டு ஆளுக்கிட்ட போய்ச் சொன்னேன் பாரு" என்று தலையில் அடித்துக்கொண்டான். கழற்றிச் சுத்தம் செய்யலாமே என்றதற்கு, கை வைக்க மாட்டேன் என்கிறான். போல்ட் துருப்பிடித்திருக்கிறது, உடைந்தால் இன்ஜினை இறக்க வேண்டும், அந்தப் பழி தனக்கு வேண்டாம் என்கிறான். நியாயம்தான்.

வண்டியைப் பட்டறையில் விட மாட்டேன். முன்பொரு தடவை இன்னொரு பட்டறையில் விட்டபோது அறியாத ஆள் ஏறி உட்கார்ந்து கைப்பிடிக் கம்பியை வளைத்துவிட்டான். சரிசெய்யும் வரை பத்து நாள் இருந்துவிட்டு வா என்று அண்ணன் திருச்சிக்கு அழைத்துப் போனார். ஐப்பசியில் போனவன் பொங்கலுக்குப் பிறகுதான் திரும்பினேன். அங்கே யாரும் என்னைக் குறைவாக நடத்தவில்லை. ஒரு தம்ளர் தண்ணீரைக்கூட நானாக எடுத்துக் குடிக்க விடவில்லை.

அக்டோபர் 15, புதன்

அண்ணன் போன் செய்தார். பாலத்தில் நின்றதை யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"திருமேனி, போதும்டா. உனக்கு அம்பத்தோரு வயசு. எந்தப் பாலத்துல எந்த லாரி இடிக்குமோன்னு நாங்க இங்க பயந்துக்கிட்டுக் கெடக்கணுமா?"

"வண்டி சரியாயிடும்ணே."

"ஒரு ஆளு இருக்காரு. கைப்பிடியக் கழட்டிட்டு அவரே எடுத்துக்குறாராம். வித்துட்டு இங்க வந்துரு. கீழ் ரூம் உனக்குத்தான் கட்டிக் கெடக்கு. வேலைய எழுதிக் குடுத்துரு. யாரு இருக்கா உனக்கு அங்க?"

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

வண்டி இல்லாவிட்டால் கீரனூருக்குப் போக முடியாது. பஸ் படியில் நான் ஏறுவதற்குள் அரை ஊர் கூடிவிடும். தினமும் ஆட்டோ கட்டுப்படியாகாது. வேலை இல்லாவிட்டால் இந்த வீடு எதற்கு என்பார்கள். ஒன்றைக் கழற்றினால் எல்லாம் கழன்று வரும்.

"ஓடிச்சுன்னா?" என்றேன்.

"ஓடிச்சுன்னா பேச்சே இல்ல. நவம்பர் ரெண்டு ஞாயித்துக்கெழமை அந்த ஆளோட வர்றேன். எங்களையெல்லாம் ஏத்திக்கிட்டு அந்தப் பாலத்துல ஏறிக் காட்டு. அப்புறம் இந்தப் பேச்சை எடுத்தேன்னா கேளு."

அக்டோபர் 18, சனி

ஆட்டோவில் வேலைக்குப் போய்வருகிறேன். வளர்மதி பஸ்ஸில். இந்த வாரம் பிரேதப் பரிசோதனை அறிக்கை நகல் ஒன்றுக்காக இரண்டு தடவை என் மேசைக்கு வந்தார். அந்த அறிக்கை என்னிடம் இல்லை என்பது இரண்டு தடவையும் அவருக்குத் தெரியும்.

வாங்கியவை: கார்புரேட்டர் சுத்தம் செய்யும் ஸ்ப்ரே, பித்தளைக் கம்பித் தூரிகை, துரு இளக்கும் எண்ணெய், ரப்பர் கையுறை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. மழை. வளர்மதி தன் தெரு ஆட்டோக்காரரிடம் அதிரசம் கொடுத்தனுப்பியிருந்தார். கல் மாதிரி இருந்தது. முழுவதும் சாப்பிட்டேன்.

அக்டோபர் 22, புதன்

இன்றுமுதல் விடுப்பு. வண்டி வீட்டு முகப்பில், மழை படாமல் நிற்கிறது. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டேன்.

முதல் சிக்கல், வால்வு அல்ல. நின்றுகொண்டு இன்ஜின் மேல் குனிந்தால் ஒரு கையால் எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும். மிச்சம் ஒரு கையால் ஸ்பேனர் பிடிக்க முடியாது. கடைசியில் கிரில்லை எடுத்துவிட்டு, ரேடியேட்டருக்கு மேலே குறுக்காக ஓடும் இரும்புச் சட்டத்தில் நாலாக மடித்த சாக்கைப் போட்டு, அதன் பாரம் தாங்க அடியில் செங்கல் அடுக்கி முட்டுக்கொடுத்தேன். காலில் கட்டும் காலிபரைக் கழற்றி வைத்துவிட்டு அதில் ஏறி உட்கார்ந்தேன். கால்கள் வெளிப்பக்கம் தொங்க, உடம்பைத் திருப்பினால் இரண்டு கையும் இன்ஜினுக்கு. தெருவில் போனவர்கள் பார்த்தார்கள். வண்டியின் வாயில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தால் யாரும் பார்க்கத்தான் செய்வார்கள்.

ஆயுத பூஜைக்கு அலுவலகத்தில் வைத்த சந்தனப் பொட்டுகள் இன்ஜின் முழுக்கக் காய்ந்து நிற்கின்றன. மூடிகள், குழாய்கள், பின்பக்கத் தடுப்பு வரை. ஒரு இடம் விடவில்லை. ஒவ்வொன்றின் நடுவிலும் குங்குமம்.

கழற்றுவதை இட்லித் தட்டில் வரிசையாகப் போடுகிறேன். ஒரு குழிக்கு ஒன்று. முதலில் கழன்றது முதல் குழியில். மாட்டும்போது கடைசிக் குழியிலிருந்து தொடங்க வேண்டும். வால்வின் மேல் இருந்த மின் பிளக்கின் நாக்கை அழுத்தி உருவினேன். குழாய்ப் பட்டை கழன்றது. வால்வைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளில் மேலே உள்ளது கழன்றது. கீழே உள்ளது அசையவில்லை.

அக்டோபர் 23, வியாழன்

அசையவில்லை.

அக்டோபர் 24, வெள்ளி

எண்ணெய் விட்டு, காத்திருந்து, மறுபடி விட்டு. ஆரோக்கியத்துக்குப் போன் செய்தேன்.

"நான்தான் சொன்னேன்ல சார். அழுத்தாதீங்க. 'டக்'குனு ஒரு சத்தம் வந்துச்சுன்னா முடிஞ்சு போச்சு. தலை உங்க கையில, ஒடம்பு உள்ள."

"உடையப் போகிறதா இளகப் போகிறதா என்று முன்கூட்டியே தெரியாதா?"

"அது கைக்குத்தான் சார் தெரியும். எனக்கே பத்துல ரெண்டு ஒடஞ்சிருக்கு."

மாலை வளர்மதி பேசினார். பஸ்ஸில் ஒரு ஆள் தோளில் தூங்கி விழுந்ததைச் சொன்னார். "உங்க வண்டியில அந்தத் தொந்தரவு இல்ல சார்" என்றார். நான் வண்டி ஓட்டும்போது தூங்குவதில்லை என்றேன். ஏன் சிரித்தார் என்று தெரியவில்லை.

அக்டோபர் 25, சனி

காலையில் போல்ட்டைச் சுற்றி வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றிச் சுற்றி எடுத்தேன். எண்ணெய். பிறகு சுத்தியலின் பின்புறத்தால் தலையில் மெல்லத் தட்டல். பிறகு ஸ்பேனரைப் பொருத்தி, கழற்றும் பக்கம் அல்ல, இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை அழுத்தினேன். பிறகுதான் கழற்றும் பக்கம்.

நான் ஆறு வயதிலிருந்து கையால் நடப்பவன். ஊன்றுகோல் வழுக்கப் போவதைத் தரை சொல்வதற்கு முன் உள்ளங்கை சொல்லிவிடும். ஈரத் தரைக்கு ஒரு மாதிரி, மணலுக்கு ஒரு மாதிரி. இன்று போல்ட்டில் முதலில் தெரிந்தது ரப்பர் போன்ற ஒரு நெகிழ்வு. அது கெட்ட நெகிழ்வு; உடனே நிறுத்தினேன். எண்ணெய். இறுக்கும் பக்கம். கழற்றும் பக்கம். மதியச் சாப்பாட்டை மறந்தேன். கடைசியில் வந்தது வேறு மாதிரி: காய்ந்த மண்ணில் ஊன்றுகோல் நுனி நொறுங்கிப் பதியுமே, அதுபோல. சத்தமும் வந்தது, 'டக்'கென்று. கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு திருப்பினேன். முழு போல்ட்டும் சுழன்றது.

இட்லித் தட்டில் அதற்கு ஒதுக்கியிருந்த குழியில் வைத்தேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

வால்வு வெளியே. உள்ளங்கையில் அடங்குகிற சாமான், இதற்காகவா இவ்வளவு. உள்ளே பார்த்தால் வழியே தெரியவில்லை. தார் பூசிய அடுப்புப் புகைபோக்கி மாதிரி, சுற்றிலும் கரி ஏறி, நடுவில் பென்சில் நுழையும் அளவு துளை. மூடவேண்டிய தட்டு சாய்ந்தபடி கரியில் பதிந்து கிடந்தது. விரலால் தொட்டால் மேலே பொடி, அடியில் பிசுக்கு.

ஜூன் முதல் அக்டோபர் வரை சேர்ந்தது.

மின் மோட்டார் உள்ள பக்கம் நனையக் கூடாது என்பதால் அதை பிளாஸ்டிக் பையால் கட்டி மேல்நோக்கிப் பிடித்துக்கொண்டு, கீழ்ப்பக்கத்துக்கு மட்டும் ஸ்ப்ரே. ஊறவிட்டு, தூரிகை. கரி சாறாக வடிந்தது. தட்டை வலிந்து திருகாமல், அதன் ஓரத்துக் கரியை மட்டும் மூங்கில் குச்சியால் சுரண்டினேன்.

நடுவில் வளர்மதி போன்.

"புளி போட்டுத் தேய்ங்க சார். குத்துவிளக்கு மாதிரி ஆயிடும்."

"இது அலுமினியம். புளி அரித்துவிடும்."

"அப்ப சபீனா?"

"துகள் இன்ஜினுக்குள் போய்விடும்."

"அப்ப கும்பிடு மட்டும் போட்டுக்குறேன்."

பொழுது சாய்வதற்குள் வால்வின் உட்புறத்தில் உலோகம் தெரிந்தது. தட்டை விரலால் அழுத்தி விட்டேன். தானாகத் திரும்பி வந்து மூடிக்கொண்டது. மறுபடி அழுத்தினேன். மறுபடி மூடியது. தேவையில்லாமல் இன்னும் பல தடவை அழுத்தி விட்டுக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 28, செவ்வாய்

விடுப்பு முடிந்தது. ஆட்டோ. நாள் முழுக்க வரப்புத் தகராறு வழக்கின் சாட்சியம். முதல் சாட்சி, "அவங்க வந்தாங்க, அவங்க வெட்டுனாங்க" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். ஒருவரா, பலரா என்று நீதிபதி ஒவ்வொரு தடவையும் நிறுத்திக் கேட்டார். மரியாதைக்குச் சொன்னதா, எண்ணிக்கைக்குச் சொன்னதா என்று தெரியாமல் நான் தட்டச்சு செய்ய முடியாது.

அக்டோபர் 31, வெள்ளி

மாலையில் மாட்டி முடித்தேன். இட்லித் தட்டு காலி. வால்வுக்கு அடியில் கசியாமல் வைக்கும் புது கேஸ்கெட்டை ஆரோக்கியம் கொடுத்தனுப்பியிருந்தான்.

நவம்பர் 1, சனி

இன்ஜினைக் கிளப்பியபடி முன்னால் நின்று சத்தம் கேட்க வேண்டும். நான் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்க முடியாது. பக்கத்து வீட்டில் கேட்டிருக்கலாம். வளர்மதியைக் கேட்டேன்.

நாலு மணிக்கு வந்தார். கேட்டருகே கொஞ்சம் தயங்கினார். எதிர் வீட்டு மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவர், எடுத்த துணியையே மறுபடி எடுத்துக்கொண்டிருந்தார். "நல்லாப் பாத்துக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார்.

"இத இழுக்கணுமா சார்?"

"மெதுவாக."

"யம்மா! என்ன சார் இவ்ளோ இறுக்கமா இருக்கு? இத புடிச்சுக்கிட்டேதான் தெனம் என்கூடப் பேசிட்டு வர்றீங்களா?"

இன்ஜின் சத்தம் மாறியிருந்தது. கரகரப்பு இல்லை. ஆனால் அவர் உள்ளிருந்து குரல் கொடுத்தார்:

"சார், மஞ்சளா ஒரு வெளக்கு எரியுது. எரியலாமா?"

எரியக் கூடாது. அணைத்து மறுபடி போட்டோம். எரிந்தது. கைப்பிடியை இழுத்தால் பழையபடி திணறல். பேட்டரியைக் கழற்றி மாட்டினோம். எரிந்தது.

நாளை காலை அண்ணன் வருகிறார் என்பதை அவரிடம் சொன்னேன். எதற்கு வருகிறார் என்பதையும். இதுவரை சொல்லியிருக்கவில்லை.

கைப்பிடியிலிருந்து கையை எடுத்தார். "திருச்சிக்கா?" என்றார். பிறகு, "காலையிலதானே வர்றாரு. இன்னும் நேரம் இருக்குல்ல" என்று சொல்லிவிட்டு இறங்கினார். போகும்போது காலிக் குழிகளோடு கிடந்த இட்லித் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இதில் இனி யாரும் இட்லி சாப்பிடக் கூடாதாம்.

நவம்பர் 2, ஞாயிறு

விடிந்ததும் சட்டத்தில் ஏறி உட்கார்ந்தேன். வால்வு போன ஞாயிறே தானாக மூடியது, அதில் குறையில்லை. போல்ட்டுகள் இறுக்கமாக இருந்தன. குழாய்ப் பட்டை சரி. மிச்சம் மின் பிளக். இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. ஆனால் மாட்டியபோது 'கிளிக்' என்ற சத்தம் கேட்டதா? மற்ற பிளக்குகளை மாட்டியபோது கேட்டது நினைவிருக்கிறது. இதில் நினைவில்லை.

உருவி, டார்ச் அடித்துப் பார்த்தேன். பிளக் நுழையும் வாயின் அடியில் ஒரு வெளிர்மஞ்சள் சில்லு. குண்டூசியால் நெம்பி எடுத்தேன். முகர்ந்து பார்த்தேன்.

சந்தனம்.

நாக்கின் மேலேயே ஒரு பொட்டு வைத்திருக்கிறார்கள். நான் அதை அழுத்தி உருவியபோது காய்ந்த பொட்டு உடைந்து ஒரு துண்டு உள்ளே விழுந்திருக்கிறது. அது கிடந்ததால் பிளக் முழுதாக உட்காரவில்லை. பல் தேய்க்கும் தூரிகையால் சுத்தம் செய்து மாட்டினேன். கிளிக். பேட்டரியை மறுபடி கழற்றி, கொஞ்சம் பொறுத்து மாட்டினேன். கிளப்பினேன். விளக்கு வந்தது, போனது. மறுபடி வரவில்லை.

வளர்மதியிடம் போனில் சொன்னேன்.

"என்ன கோளாறு சார்?"

"பிளக்கில் தூசி."

சந்தனமும் அரைத்த தூள்தான். மற்ற பொட்டுகளைத் துடைக்கவில்லை. அவற்றால் இன்ஜினுக்குத் தொந்தரவு இல்லை.

அண்ணன், அண்ணி, வண்டி வாங்க வந்தவர் மூவரும் பத்து மணிக்கு வந்தார்கள். காபி குடித்ததும், "கெளப்பு" என்றார் அண்ணன். அவர் முன்னால், மற்ற இருவரும் பின்னால்.  ஏற்றத்தில் இரண்டாவது கியர், மூன்றாவது. இன்ஜின் இழுத்தது. பாதி ஏற்றத்தில் முன்னால் போன வைக்கோல் லாரி நின்றுவிட்டது.

"டேய், நிறுத்தாதடா! அப்படியே ஒதுங்கிப் போயிரு!"

"எங்கே ஒதுங்குவதுண்ணே?"

கைப்பிடியைத் தள்ளி நிறுத்தினேன். அன்றைக்கு நின்ற அதே இடம் என்று சொல்ல மாட்டேன்; அதைவிட நாலு கம்பம் மேலே. அண்ணன் தன் பக்கத்துக் கதவைப் பிடித்துக்கொண்டார். லாரி நகர்ந்தது. முதல் கியர். இடது கையால் கிளட்சை மெல்ல விட்டேன். வண்டி லேசாக அதிர்ந்து, மூக்கைத் தூக்கியது. அந்த நொடியில் வலது கையைத் தள்ளலிலிருந்து இழுப்புக்கு மாற்றினேன். ஒரு விரல்கடை பின்னால் போகவில்லை. ஏறியது. இன்ஜினுக்கு மூச்சு இருந்தால் இரண்டு கை போதும்.

பாலத்தின் உச்சி தாண்டியதும் அண்ணன் கதவை விட்டார்.

"அந்த ரூமை உனக்குன்னே கட்டுனேன்டா" என்றார். சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "படி வெக்காம, சரிவா கட்டச் சொல்லி, கொத்தனார்கிட்ட சண்டை போட்டுக் கட்டுனேன்."

"தெரியும்ணே."

"தெரிஞ்சு என்ன பண்றது. ஏறிப்புட்டியே."

வீடு திரும்பியதும் வாங்க வந்தவர் விடவில்லை. பானட்டைத் திறந்து பார்க்கட்டுமா என்றார். கூடவே அண்ணியும் எட்டிப் பார்த்தார்.

"பொட்டெல்லாம் அழகா வெச்சிருக்கே. யாரு தம்பி வெச்சது?"

"ஆயுத பூஜைக்கு அண்ணி. ஆபீஸில் வெச்சாங்க."

"அந்தக் கடைசி வரைக்குமா? பின்னாடி தடுப்புக்கிட்ட இருக்கே, ஒடம்பையே வளைச்சு உள்ள விட்டாத்தான் கை எட்டும்." என்னைப் பார்த்தார். "வெச்சாங்கன்னா, நாலு பேரா தம்பி, ஒருத்தரா?"

செவ்வாய்க்கிழமை முழுவதும் இந்தக் கேள்வியைத்தான் தட்டச்சு செய்தேன். பதில் என்னவாக இருந்தாலும் பதிவாகும் என்பது எனக்குத் தெரியும்.

"ஒருத்தங்க" என்றேன்.

 அண்ணி பானட்டைத் தன் கையாலேயே இறக்கி மூடினார். "ஏங்க, வண்டி விக்கிற பேச்சை விடுங்க. வாங்க வந்தவரைக் கூட்டிக்கிட்டுக் கெளம்புங்க" என்றார்.

"ஏன், நீதான வண்டியோட கெடந்து அல்லாடுறான்னு தெனம் சொல்லுவ?" என்றார் அண்ணன்.

"சொன்னேன். இப்ப பாத்துட்டேன்ல. அந்த ரூமுல அரிசி மூட்டைய அடுக்கலாம்."

புறப்படும்போது அண்ணி காருக்குள்ளிருந்து கையை நீட்டி என் கையைத் தட்டிவிட்டுப் போனார். அண்ணன் கடைசிவரை அரிசி மூட்டைக்கு எதற்கு மேல்நாட்டுக் கழிப்பறை என்று கேட்டுக்கொண்டே போனார்.

நவம்பர் 3, திங்கள்

காலையில் தாமதமாகிவிட்டதால் அதிகம் பேசவில்லை. மாலையில் நீதிமன்ற வாசலில் வளர்மதி ஏறினார்.

"எல்லாம் சொன்னீங்க, அந்தக் கரி ஏன் புடிச்சிச்சுன்னு மட்டும் சொல்லவே இல்லியே சார்."

"மெதுவாக ஓட்டியதால்."

"நீங்களா மெதுவா ஓட்டுனீங்க? உங்களுக்கு அவ்வளவுதான் ஓட்ட வரும்னுல்ல நான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். அஞ்சு மாசமா வாயத் தொறந்து எதுவும் சொல்லல."

"எண்பதுக்குக் குறையாமல் ஓட்டச் சொல்லியிருக்கிறான் ஆரோக்கியம்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "எம்பதுல போனா வீடு சீக்கிரம் வந்துடுமே."

"வரும்."

சாலை முனைக்கு வந்தோம். இடப்பக்கம் புதுக்கோட்டை. வலப்பக்கம் திருச்சி. இண்டிகேட்டர் விளக்கைப் போட எடுத்த என் கை இன்னும் எந்தப் பக்கமும் தட்டவில்லை.

"மாத்தூர் ரவுண்டானா வரைக்கும் போயிட்டுத் திரும்பி வாங்க" என்றார் வளர்மதி. "மிச்சக் கரி போகணும்ல."

வலப்பக்கம் திரும்பினேன். எண்பதில் இன்ஜின் சத்தமும் காற்றும் சேர்ந்து ஒன்றும் கேட்கவில்லை. இருவரும் உரக்கப் பேச வேண்டியிருந்தது.